ஸ்கேன் அறிக்கையும் ‘கட்டி’ என்ற சொல்லும்

சென்ற ஆண்டு நோன்பு காலத்தில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில், வரிப்பத்தான்சேனையிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு அது முதற் கர்ப்பம், இருபதாவது வாரம். அன்று பகல் தனியார் நிலையமொன்றில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள்.

“மாமா, புள்ளைட மூளைக்குள்ள கட்டியாம்.”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. கைப்பேசியை வாங்கிய தங்கையும் அழுதாள். அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஒற்றைத் தாள். குழந்தையின் தலை, முதுகெலும்பு, இதயம், வயிறு, கை கால் என வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் நேரே ‘இயல்பு’ எனக் குறித்திருந்தார்கள். இறுதியில் ஒரு வரி: மூளையின் கோரொயிட் பிளெக்சஸ் பகுதியில் சிறிய ‘சிஸ்ட்’, நான்கு வாரங்களின் பின் மீண்டும் பார்க்க வேண்டும். அந்த வரிக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த கூட்டத்தில் யாரோ அதைத் தமிழில் ‘கட்டி’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைத்தவன் நான். ஒரு சொல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். மண்கட்டியும் நமக்குக் கட்டிதான், வெல்லக்கட்டியும் கட்டிதான், அக்குளில் வரும் கொப்புளமும் கட்டிதான், ஆளைக் கொல்லும் புற்றுநோயும் கட்டிதான். நீர் நிறைந்த சிறு பைக்கும் உயிரணுக்கள் பெருகித் திரண்ட பிண்டத்துக்கும் பேச்சு வழக்கில் நம்மிடம் வேறுவேறு பெயரில்லை. அன்றிரவு அந்த வீட்டில் குடியேறிய அச்சத்தில் பாதி, அந்த ஒரு சொல்லால் வந்தது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. சொல்லப்போனால், ஸ்கேன் இயந்திரத்தின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. நீருக்குள் ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு தடைகளை அறியலாம் என்ற எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது. முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனிய நீர்மூழ்கிகளைக் கண்டறிய, பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லாஞ்சவின் மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வொலியைப் பயன்படுத்தினார். இலங்கைப் பாடநூல்கள் இதனைக் கழியொலி என்றும் தமிழகத்தார் மீயொலி என்றும் வழங்குவர். இரண்டாம் உலக யுத்தத்தின்பின் இதே நுட்பம் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. கொதிகலன்களின் பற்றவைப்பில் வெடிப்பு உண்டா என்று பார்க்க அது பயன்பட்டது.

யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை வைத்தியராகப் பணியாற்றிய இயன் டொனால்ட், 1954 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுப் பேராசிரியரானார். ராடரையும் சோனாரையும் படைப் பணியில் அறிந்திருந்தவர். இரும்பின் வெடிப்பைக் காட்டும் ஒலி, உடலுக்குள் இருப்பதையும் காட்டாதா என்பது அவர் கேள்வி. 1955 ஜூலையில், சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃபுரூ நகரிலிருந்த பாப்கொக் அன் வில்கொக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் அங்கு வைக்கப்பட்டது. நீர் நிறைந்த பை ஒருவகை எதிரொலியும் திண்மமான கட்டி வேறுவகை எதிரொலியும் தருவதை அன்று கண்டார். பின்னர் கெல்வின் அன் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் டொம் பிரவுண் அவருடன் சேர்ந்து இயந்திரத்தைச் செம்மையாக்கினார்.

முதலில் பலர் நகைத்தார்கள். நிலைமையை மாற்றியது ஒரு நோயாளியின் வயிறு. இரைப்பையில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட பெண் ஒருவரை டொனால்டிடம் காட்டினார்கள். கருவி காட்டியதோ தெளிவான ஓரங்களைக் கொண்ட ஒரு பெரிய நீர்ப்பை. சூலகத்தில் உண்டான அந்தச் சிஸ்ட் அகற்றப்பட்டது. அந்தப் பெண் உயிர் பிழைத்தார். 1958 ஜூன் 7 ஆம் திகதி ‘லான்செற்’ மருத்துவ இதழில் டொனால்ட், மக்விகர், பிரவுண் மூவரும் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் பிறப்புப் பத்திரம் எனலாம். ஆக, இந்த இயந்திரம் பெயர் பெற்றது கட்டியையும் நீர்ப்பையையும் பிரித்துக் காட்டி, தவறான மரணத் தீர்ப்பு ஒன்றை நீக்கியதால்தான்.

கர்ப்பிணிகளிடம் அது விரைந்து சென்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுவரை வயிற்றுக்குள் பார்க்க எக்ஸ்-கதிரே வழி. கர்ப்பத்தில் எக்ஸ்-கதிர் பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருவதை ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த வைத்தியர் அலிஸ் ஸ்டூவர்ட் 1956 இல் எடுத்துக் காட்டினார். ஒலிக்கு அந்தத் தீங்கில்லை.

தொடக்க காலப் படங்கள் மங்கலானவை. தலையின் அளவு, நஞ்சுக்கொடியின் இடம், இரட்டையா ஒற்றையா என்பவற்றை அறியவே அவை உதவின. படம் தெளிவாகத் தெளிவாகப் புதியதொரு சிக்கல் தோன்றியது. முன்பு எவரும் கண்டிராத சிறு சிறு அடையாளங்கள் கண்ணில் பட்டன. அவை நோயா, இயல்பா என்று சொல்ல எந்த நூலும் இருக்கவில்லை.

என் மருமகளின் அறிக்கையில் இருந்த அடையாளமும் அவற்றில் ஒன்று. கோரொயிட் பிளெக்சஸ் என்பது மூளையைச் சூழும் நீரைச் சுரக்கும் மெல்லிய திசு. அதன் மடிப்புக்குள் சிறிது நீர் தேங்கிக் குமிழியாவதுண்டு. 1984 இல் இலண்டன் ஆய்வாளர்கள் இதனை முதன்முதலில் விவரித்தபோது, கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிகமானது’ என்று குறிப்பிட்டார்கள். ஆனால் 1986 இல், எட்வர்ட்ஸ் கோளாறு எனப்படும் பதினெட்டாம் நிறமூர்த்தக் குறைபாட்டோடு இதற்குத் தொடர்பிருக்கலாம் என்ற செய்தி வந்தது. பல்லாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு நேரும் அந்தக் கோளாறுடைய குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அச்சம் உலகெங்கும் பரவியது. குமிழி தெரிந்த தாய்மார் பலருக்கு வயிற்றில் ஊசியேற்றிக் கர்ப்ப நீரை எடுத்துச் சோதிக்கும்படி ஆலோசனை கூறப்பட்டது. அந்தச் சோதனையால் நூற்றில் ஒரு கர்ப்பம் மேலதிகமாகக் கலைகிறது என்று 4,606 பெண்களைக் கொண்டு டென்மார்க்கில் நடந்த ஆய்வு அதே 1986 இல் சொன்னது.

பின்னர் கணக்குகள் சேர்ந்தன. இயல்பான கர்ப்பங்களிலேயே நூற்றில் ஒன்று அல்லது இரண்டில் இந்தக் குமிழி தெரிகிறது. பெரும்பாலும் இருபத்தெட்டாம் வாரத்துக்குள் தானே மறைகிறது. எட்வர்ட்ஸ் கோளாறுடைய சிசுக்களில் பாதியளவு வரை இது இருக்கலாம். ஆயின் அவற்றில் இதயக் குறை, விரல்கள் மடங்கிய கை, வளர்ச்சிக் குன்றல் முதலிய வேறு அடையாளங்களும் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். வேறெதுவும் இல்லாத தனிக் குமிழிக்குப் பொருள் மிகக் குறைவு. 2000 இல் அமெரிக்கக் கதிரியக்க நிபுணர் ரோய் ஃபில்லி, கர்ப்பிணியைக் கிலிகொள்ளச் செய்யச் சிறந்த வழி ஸ்கேன்தான் என்ற பொருள்படத் தலைப்பிட்டு, தம் துறையையே கண்டித்து ஓர் ஆசிரியவுரை எழுதினார். 2009 இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை, தனித்துக் காணப்படும் இக்குமிழியைக் குறைபாட்டின் குறியாகக் கணக்கிடுவதைக் கைவிட்டது. அமெரிக்க நிபுணர் சங்கம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலும், இரத்தப் பரிசோதனையில் ஆபத்துக் குறைவு எனத் தெரிந்தபின் இதற்காக மேலதிகச் சோதனை வேண்டாம் என்றே கூறுகிறது.

ஒரு நிழலைக் கண்டு, அஞ்சி, எண்ணிப் பார்த்து, அச்சத்தைத் திரும்பப் பெற மருத்துவ உலகுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. அந்த இருபத்தைந்து ஆண்டுகளையும் வரிப்பத்தான்சேனையில் ஒரு பெண் ஒரே இரவில் அனுபவிக்க நேர்ந்தது. அதிலும் அச்சம் மட்டும் வந்து சேர்ந்தது, திரும்பப் பெற்ற செய்தி வரவில்லை.

இதனால் ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்வதாக வாசகர்கள் கருதலாகாது. எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களின் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அந்த வீட்டில் தாய்வழியில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழ்கிறது. என் தாயார் எங்களை வீட்டில் மருத்துவிச்சியின் கையில் பெற்றவர். இலங்கையில் 1879 இலேயே கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. ஆயினும் 1930களில் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண் ஐம்பதுக்கும் கீழ். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையும், அதன் வழியே கிராமந்தோறும் வீடு வீடாக நடந்த குடும்பநல மாதரும், இலவச வைத்தியசாலைகளும் அதைச் சாதித்தன. அறியாமை நிம்மதியைத் தந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை.

அதை நானும் அறிவேன். 1978 இல் எங்கள் முதற் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் மௌத்தானது. உதடு நீலம் பாரித்திருந்தது. இதயத்தில் பிறவிக் குறை என்று பின்னர் ஒரு வைத்தியர் சொன்னார். ஸ்கேன் இல்லை, அச்சமும் இல்லை. ஒன்பது நாட்கள் மட்டும் இருந்தன. இன்று அத்தகைய குறை முன்கூட்டியே தெரிந்தால், பிள்ளையை எங்கே பெறுவது, கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு எப்படிக் கொண்டு செல்வது என்று ஆயத்தமாகலாம்.

ஆயத்தம் என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்குகிறது. கடும் பிறவிக் குறைபாட்டுக்கு விலக்களிக்க 1995 இல் எடுத்த முயற்சி பாராளுமன்றத்தில் கைவிடப்பட்டது. 2017 இல் எழுந்த யோசனையும் சட்டமாகவில்லை. மக்காவின் இஸ்லாமிய பிக்ஹு சபை 1990 இல், நிபுணர் குழு உறுதிசெய்யும் தீராத கடுங்குறைக்கு, நூற்றிருபது நாட்களுக்குள் என்ற வரம்போடு இடமளித்தது. இருபதாம் வார ஸ்கேனின்போது அந்த வரம்பும் ஏறத்தாழக் கடந்துவிட்டிருக்கும். ஆகவே இங்கே ஒரு பெண்ணுக்கு இந்தப் பரிசோதனையின் பயன் முன்னறிந்து ஆயத்தமாவதே. அந்தப் பயனைத் தராமல் ஒரு சொல்லை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அநீதி.

மறுநாள் நான் அவளிடம் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். இது தனியாக இருக்கிறதா, வேறெதனோடும் சேர்ந்திருக்கிறதா? இது நோயா, நோய்க்கான வாய்ப்பைச் சொல்லும் குறியா? அடுத்த பரிசோதனை எப்போது, அதன் முடிவால் என்ன மாறும்? பிள்ளையை எங்கே பெறுவது என்பதில் மாற்றம் தேவையா? இவற்றோடு கிளினிக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, கணவனையும் உம்மாவையும் கூட்டிச்சென்று, அரச வைத்தியசாலையின் மகப்பேற்று நிபுணரைப் பார்க்கச் சொன்னேன். நான் வைத்தியனல்லன், கேள்வி கேட்பது ஒன்றே என் தொழில்.

நிபுணரைப் பார்க்கும் நாளுக்கு முன்பே குடும்பநல மாது வீட்டுக்கு வந்திருக்கிறார். அறிக்கையைப் படித்துவிட்டு, “இது கட்டியில்ல மகள், நீர்க்குமிழி. நெறையப் புள்ளயளுக்கு வந்து போறது. ஆனாலும் டொக்டர்ட்டக் காட்டணும்” என்றாராம். அன்றிரவுதான் அவள் உறங்கினாள் என்று தங்கை சொன்னாள்.

இருபத்துநான்காம் வாரத்தில் நிபுணர் இதயத்தையும் கைகளையும் நிதானமாகப் பார்த்து, வேறொன்றும் இல்லை என்றார். இருபத்தெட்டில் குமிழி மறைந்திருந்தது. பெண் குழந்தை, இப்போது தவழ்கிறது. எல்லோருக்கும் இப்படி முடியாது என்பதை ஒன்பது நாள் பிள்ளையின் தகப்பன் மறக்கவில்லை. ஆயினும் எந்த முடிவானாலும், அதை அறியும்வரை காத்திருக்கும் பெண்ணுக்கு, அறிக்கையில் உள்ளதை அவளுடைய மொழியில் சரியான சொல்லால் சொல்லும் ஒருவர் வேண்டும். களுத்துறையில் தொடங்கிய அந்தப் பழைய ஏற்பாடு, அன்று எங்கள் வீட்டு வாசலுக்கு அப்படி ஒருவரை அனுப்பியிருந்தது.