மெரிடித் கெர்ச்சர் கொலை வழக்கு: மேல்முறையீடுகளும் பொய்க் குற்றச்சாட்டு வழக்கும்

இத்தாலியின் பெருஜியா நகரில் 2007 நவம்பர் 1 இரவு பிரித்தானிய மாணவி மெரிடித் கெர்ச்சர் (21) தாம் குடியிருந்த வீட்டில் கொலையுண்டார். இக்கொலை பற்றிய விசாரணை 2015 வரை நீண்டது. அதிலிருந்து கிளைத்த பொய்க் குற்றச்சாட்டு வழக்கு முடிய மேலும் பத்தாண்டு ஆனது.

வழக்கின் தொடக்கம்

மெரிடித்துடன் அதே வீட்டில் வசித்த அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸ், அவருடைய நண்பர் ரஃபாயேலே சொல்லேச்சித்தோ ஆகிய இருவரையும் காவல்துறை நவம்பர் 5 இரவு முதல் மறுநாள் விடியும் வரை விசாரித்தது. அப்போது வழக்கறிஞர் உடனில்லாத நாக்ஸ், இத்தாலிய மொழியில் தட்டச்சு செய்யப்பட்ட இரு வாக்குமூலங்களில் கையொப்பமிட்டார். தாம் வேலை பார்த்த மதுக்கூடத்தின் உரிமையாளர் பத்திரிக் லுமும்பாவே கொலையாளி என்று அவற்றில் இருந்தது. லுமும்பா கைதானார். கொலை நடந்த இரவு அவர் மதுக்கூடத்தில் இருந்ததற்குச் சாட்சி கிடைத்ததால் இரண்டு வாரத்தில் விடுதலையானார்.

கொலை நடந்த அறையில் கிடைத்த கைரேகையும் டி.என்.ஏ. தடயமும் ரூடி குவேடே என்பவருடையவை. ஜெர்மனியில் பிடிபட்ட அவருக்கு 2008இல் விரைவு விசாரணையில் 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 16 ஆண்டாகக் குறைந்தது.

நான்கு தீர்ப்புகள்

இத்தாலியில் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசுத் தரப்பும் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்றுகளையே மீண்டும் ஆராயும். உச்ச நீதிமன்றம் சட்டப் பிழைகளைப் பார்க்கும். இவ்வழக்கில் தீர்ப்பு திரும்பத் திரும்ப மாறியதற்கு இந்த அமைப்பு வழிவிட்டது.

2009 டிசம்பரில் நாக்ஸுக்கு 26 ஆண்டும் சொல்லேச்சித்தோவுக்கு 25 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில், நீதிமன்றம் நியமித்த தனி வல்லுநர்கள் சமையலறைக் கத்தியிலும் மார்க்கச்சையின் கொக்கியிலும் இருந்ததாகக் கூறப்பட்ட டி.என்.ஏ. சான்றுகள் நம்பத்தக்கவை அல்ல என்றனர். கொலை நடந்து ஆறு வாரத்துக்கும் மேல் கழித்தே கொக்கி சேகரிக்கப்பட்டிருந்தது. 2011 அக்டோபர் 3 அன்று இருவரும் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலையாகினர்.

உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில் அந்த விடுதலையை ரத்துசெய்து, வழக்கைப் புளோரன்ஸுக்கு அனுப்பியது. அங்கே 2014 ஜனவரி 30 அன்று நாக்ஸுக்கு 28 ஆண்டு 6 மாதமும் சொல்லேச்சித்தோவுக்கு 25 ஆண்டும் விதிக்கப்பட்டன. 2015 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு இடமின்றி இருவரையும் விடுவித்தது. புலனாய்வில் நேர்ந்த பெரும் குறைகளை அது தன் தீர்ப்புரையில் கண்டித்தது.

பொய்க் குற்றச்சாட்டு வழக்கு

நிரபராதி என அறிந்தே ஒருவர்மீது அதிகாரிகளிடம் குற்றம் சுமத்துவது இத்தாலியச் சட்டத்தில் தனிக் குற்றம். ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் அவதூறு வேறு. லுமும்பா விஷயத்தில் 2011இல் நாக்ஸுக்கு மூன்றாண்டு விதிக்கப்பட்டு, 2013இல் உறுதியானது. சுமார் நான்காண்டு சிறையிலிருந்துவிட்டதால் அவர் மீண்டும் சிறை செல்ல வேண்டியிருக்கவில்லை.

விசாரணையின்போது போலீசார் தம்மைத் தலையில் அடித்ததாக நாக்ஸ் கூறியதற்காக மற்றொரு பொய்க் குற்றச்சாட்டு வழக்கும் நடந்தது. அதில் 2016 ஜனவரியில் அவர் விடுதலையானார். இதே கூற்றைப் பிரித்தானிய இதழிடம் சொன்ன அவருடைய பெற்றோர்மீது அவதூறு வழக்கு தொடரப்பட்டது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 ஜனவரி 24 அன்று இத்தாலியைக் குறைகூறியது. 2007 விசாரணையில் நாக்ஸுக்கு வழக்கறிஞர் உதவி மறுக்கப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் தம் வரம்பை மீறி நடந்துகொண்டார், துன்புறுத்தல் புகார் முறையாக விசாரிக்கப்படவில்லை என்று கண்டு, நாக்ஸுக்கு 18,400 யூரோ வழங்க உத்தரவிட்டது. துன்புறுத்தல் நடந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது.

அதன்பின் வந்த சட்டத் திருத்தத்தின்படி 2023 அக்டோபரில் லுமும்பா வழக்கின் பழைய தண்டனை ரத்தானது. புதிய விசாரணையில் இரு வாக்குமூலங்களும் விலக்கப்பட்டன. அவற்றுக்குப் பின்னர் 2007 நவம்பர் 6 அன்றே நாக்ஸ் கைப்பட எழுதிய குறிப்பு மட்டுமே சான்றாக நின்றது. புளோரன்ஸ் நீதிமன்றம் 2024 ஜூன் 5 அன்று அவரை மீண்டும் குற்றவாளி என்றது.

இறுதி நிலை

2025 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. மெரிடித்தின் கொலைக்காக இறுதித் தண்டனை பெற்றவர் ரூடி குவேடே ஒருவரே. அவர் 2021 நவம்பரில் சிறையிலிருந்து வெளிவந்தார்.