விற்ற பணம் யார் பெட்டியில்: துணை நிறுவன விற்பனையும் சிறு முதலீட்டாளரின் கலக்கமும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி காலை, பங்குச் சந்தை திறந்து சிறிது நேரமே ஆகியிருந்த வேளையில், அண்ணனூரில் எங்கள் தெருவின் கோடி வீட்டில் வசிப்பவரும், ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவருமான நண்பர் ஒருவர், கைபேசியை உள்ளங்கையில் ஏந்தியபடி என் வாசலுக்கு வந்து, "சார், நேத்து தொள்ளாயிரத்து எண்பத்தஞ்சு. இன்னிக்குப் பன்னெண்டு. நடுவுல யாரு சார் எடுத்தாங்க?" என்று கேட்டார். திரையில் மெஜெஸ்கோ என்ற பெயரும், அதற்கு எதிரே சிவப்பு எழுத்தில் தொண்ணூற்றெட்டுச் சொச்சம் சதவீத இறக்கமும் தெரிந்தன. ஏன் இறங்கியது என்று அவர் கேட்கவில்லை. யார் எடுத்தார்கள் என்றே கேட்டார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வித்தியாசமே இக்கட்டுரையின் விஷயம்.

நடந்தது இதுதான். காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் தயாரித்து வந்த மெஜெஸ்கோ, 2015இல் மாஸ்டெக் நிறுவனத்திலிருந்து பிரிக்கப்பட்டு இந்தியச் சந்தையில் தனியே பட்டியலிடப்பட்டது. ஆனால் அதன் ஜீவநாடி இங்கில்லை. அமெரிக்காவில், தானும் தனியே பட்டியலிடப்பட்டிருந்த ஒரு துணை நிறுவனத்தில் இருந்தது. அதில் சுமார் 74 சதவீதப் பங்கு இந்தியத் தாய் நிறுவனத்தின் கையில். 2020 ஜூலையில் தோமா பிராவோ என்ற அமெரிக்க முதலீட்டு ஸ்தாபனம் அத்துணை நிறுவனத்தைப் பங்கொன்றுக்கு 13.10 டாலர் வீதம் வாங்க முன்வந்தது. போட்டி தலைகாட்டவே, ஆகஸ்டில் அது 16 டாலராக உயர்ந்தது. செப்டம்பரில் விற்பனை முற்றுப்பெற்றது. அக்டோபரில் தாய் நிறுவனம் தன் பங்குகளில் 74.7 லட்சம் வரை 845 ரூபாய் வீதம் திரும்ப வாங்குவதாக அறிவித்தது; சந்தைக்காரர்கள் பைபேக் என்று சொல்வது இதைத்தான். டிசம்பர் 15ஆம் தேதி, ஐந்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கொன்றுக்கு 974 ரூபாய் இடைக்கால ஈவுத்தொகையாக அறிவிக்கப்பட்டது. அந்த ஈவுத்தொகைக்குரிய உரிமை நீங்கிய நிலையில் பங்கு வியாபாரமான முதல் நாள் டிசம்பர் 23. எனவே 974 ரூபாயை யாரும் எடுக்கவில்லை. அது நண்பரின் வங்கிக் கணக்குக்கு வரும் வழியில் இருந்தது.

சந்தை மதிப்பின் வரிசையில் 251ஆம் இடத்திலும் அதற்குக் கீழும் உள்ளவை எல்லாம் ஸ்மால் கேப் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2017இல் வகுத்தது. மெஜெஸ்கோ போன்ற அத்தகைய பங்குகளை வைத்திருப்பவரைப் பற்றிக் கற்றோரிடையே நிலவும் அபிப்பிராயம், அவர் ஒன்று பேராசைக்காரர், இல்லையேல் அறியாதவர் என்பது. துணை நிறுவனத்தை விற்கிறார்கள் என்ற செய்தி வந்தவுடன் அவர் துள்ளுவதும் துவளுவதும் மனச்சபலத்தின் விளைவு என்று சொல்லிவிடுவது எளிது. என் அபிப்பிராயம் வேறு. அவருடைய கலக்கத்தின் வேர் விலையில் இல்லை, பணம் யார் காவலில் இருக்கப்போகிறது என்ற சந்தேகத்தில் இருக்கிறது. அந்தச் சந்தேகம் அறிவீனமும் அன்று.

இதை அண்ணனூர்க்காரனுக்கு விளக்க அதிகம் பிரயாசைப்பட வேண்டியதில்லை. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்த அறுபதுகளுக்குப் பிறகு, அயப்பாக்கம் முதல் திருமுல்லைவாயில் வரை நஞ்சையும் புஞ்சையும் மனைகளாக மாறிய காலத்தில், கூட்டுக் குடும்பத்தின் நிலத்தை மூத்தவர் கிரயம் செய்து கொடுத்த வீடுகள் இங்கே அநேகம். தம்பிமார் கிரயத் தொகையைப் பற்றிச் சச்சரவிட்டது சொற்பம். நிலத்தின் விலை ஊருக்கே தெரியும். விற்ற பணம் யார் பெட்டியில் இருக்கிறது, அடுத்து எதில் போடப்போகிறார், நமக்கு எப்போது பிரித்துத் தருவார் என்பவையே கேள்விகள். நிலமாக இருந்தவரை அது ஓடிவிடாது. ரொக்கமாக மாறிய மறுகணம் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது. துணை நிறுவனத்தின் விற்பனையும் இத்தகைய ரூபாந்தரமே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: தம்பி முற்றத்தில் நின்று கேட்கலாம், நாற்பது பங்கு வைத்திருப்பவர் எந்த முற்றத்தில் நிற்பார்?

நண்பரிடம் இருந்தவை நாற்பது பங்குகளே. பழைய டைரி ஒன்றில், வாங்கிய தேதி, விலை, தரகு எல்லாவற்றையும் கோடு கிழித்துக் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதிய கை அது. அந்த டைரியை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட கணக்கு, விலைப் பட்டியலைக் காட்டிலும் அதிகம் சொல்லும். நாற்பது பங்குகளையும் கொடுத்து, அத்தனையும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால், பைபேக்கில் கிடைத்திருப்பது 33,800 ரூபாய். அன்றைய சட்டப்படி அதற்குரிய வரியை நிறுவனமே செலுத்தியதால் பங்குதாரர் தலையில் வரி இல்லை. ஈவுத்தொகையாக வந்தது 38,960 ரூபாய். ஆனால் 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை பெறுபவரின் வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கப்பட்டதால், முதலிலேயே ஏழரை சதவீதமாகிய 2,922 ரூபாய் பிடிக்கப்பட்டு, 36,038 கைக்கு வந்தது. வருமானம் வரி வரம்புக்குள் அடங்கிவிடும் ஓய்வூதியருக்கு அந்த 2,922ம் திரும்பிவிடும். ஆகவே அவருக்கு 974 என்பது 974தான். முப்பது சதவீத வரி கட்டும் தனவந்தருக்கோ, உபவரியும் போக அதில் நிற்பது 670 ரூபாய். அவருக்கு 845 ரூபாய் பைபேக்கே உசிதம். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வாசல் வழியாக வெளிவந்த பணம், வாங்குபவரின் நிலையைப் பொறுத்து எடை மாறுகிறது. நண்பர் பைபேக்கில் பங்கைக் கொடுக்காததற்குச் சொன்ன காரணம் இந்தக் கணக்கு அன்று. "கம்பெனியே நம்மகிட்ட வாங்க வருதுன்னா, உள்ள ஏதோ இருக்கு சார்" என்றார். சந்தேகம் அவருக்கு லாபமாகவே முடிந்தது.

மாடிக்லியானியும் மில்லரும் 1961இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையின் சாரம், வரியும் செலவும் இல்லாத ஒரு லட்சிய உலகில், நிறுவனம் பணத்தைப் பங்கிட்டாலும் வைத்துக்கொண்டாலும் பங்குதாரரின் செல்வம் மாறாது என்பது. கால் நூற்றாண்டு கழித்து, 1986இல், மைக்கேல் ஜென்சன் வேறொரு கோணத்திலிருந்து வந்தார்: தேவைக்கு மிஞ்சிய ரொக்கம் நிர்வாகிகளின் கையில் சும்மா கிடந்தால், அது பங்குதாரருக்குத் திரும்பாமல் ஸ்தாபனத்தைப் பருக்கவைக்கும் காரியங்களில் செலவழியும் சுபாவமுடையது என்றார். எங்கள் தெருக்கோடி நண்பர் இருவரையும் படித்தவரல்லர். ஆயினும் ஜென்சனின் கட்சியைச் சேர்ந்தவர். எல்லா நிர்வாகங்களும் அப்படி வீணடிக்கும் என்றும் சொல்வதற்கில்லை. மென்பொருளும் அன்று, சிறு நிறுவனமும் அன்று என்றாலும், 2010இல் பிரமல் தன் மருந்து வியாபாரத்தின் பெரும்பகுதியை அபாட்டுக்கு 372 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, ஒரு பகுதியைப் பைபேக்கில் திருப்பித் தந்து, எஞ்சியதைக் கையில் வைத்துப் புதிய தொழில்களில் இறங்கியது நினைவுக்கு வருகிறது. அங்கே பங்குதாரர் மருந்துக் கம்பெனியை நம்பியது போய், ஒரு மனிதரின் முதலீட்டு யுக்தியை நம்ப வேண்டியதாயிற்று. அந்த நம்பிக்கை பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆனால் அவர் முதலில் விலை கொடுத்து வாங்கிய பொருள் அதுவன்று.

இதற்கு நேர்மாறான உதாரணம் சென்னையிலேயே உண்டு. பொலாரிஸ் 2014இல் தன் மென்பொருள் தயாரிப்புப் பிரிவை இன்டெலெக்ட் டிசைன் அரீனா என்று பிரித்தபோது, பொலாரிஸ் பங்கொன்றுக்கு இன்டெலெக்ட் பங்கு ஒன்று நேராக டீமேட் கணக்கில் வந்து சேர்ந்தது. எஞ்சிய சேவைத் தொழிலைப் பிறகு விர்ச்சுசா வாங்கியது வேறு கதை. பிரிவினையில் பணம் எங்கும் தங்கவில்லை; பாகப் பத்திரம் எழுதி அவரவர் மனையை அவரவர் பெயருக்கு மாற்றிய மாதிரி.

சட்டம் இவ்விஷயத்தில் எங்கே நிற்கிறது? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 180ஆம் பிரிவு, நிறுவனத்தின் தொழிலை முழுதாகவோ பெரும்பான்மையாகவோ விற்கப் பங்குதாரரின் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்கிறது. செபியின் 2015 ஒழுங்குமுறையில் 24ஆம் விதி, முக்கியத் துணை நிறுவனத்தில் உள்ள பங்கு ஐம்பது சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ குறையும் விற்பனைக்கும் அதே சம்மதத்தைக் கோருகிறது. ஆக, விற்கலாமா என்று கேட்கிறார்கள். விற்ற பிறகு என்ன செய்யலாம் என்று கேட்பதில்லை. இடைக்கால ஈவுத்தொகை இயக்குநர் குழுவின் அதிகாரம், பணத்தை வைத்துக்கொள்வதும் அவ்வாறே. 2023இல் சேர்க்கப்பட்ட 37ஏ விதி, தொழில் விற்பனைக்குப் பொதுப் பங்குதாரரில் எதிர்ப்பவரைவிட ஆதரிப்பவரின் வாக்கு மிகுந்திருக்க வேண்டும் என்பதோடு, வரும் பணத்தின் உபயோகத்தையும் நோட்டீஸில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. சிறு முதலீட்டாளரின் பழைய கேள்வி முதன்முறையாகச் சட்டத்தின் காதில் விழுந்திருப்பதாகவே இதை நான் கொள்கிறேன். தெரிவித்தபடி நடக்காவிட்டால் என்ன என்பது அடுத்த தர்க்கம். அதற்கும் முன்னே ஒரு சின்ன இடையூறு உண்டு: நண்பர் டீமேட் கணக்கில் கொடுத்திருப்பது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் மின்னஞ்சல் முகவரி. வாக்களிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் எல்லாம் அந்தப் பிள்ளையின் அஞ்சல் பெட்டியில், கடன் அட்டை விளம்பரங்களுக்கு நடுவே, திறக்கப்படாமலே கிடக்கின்றன.

அன்று காலை இவற்றில் பாதியை நான் நண்பருக்கு விளக்கி, பணம் வந்துகொண்டிருக்கிறது என்று தைரியம் சொன்னேன். "அப்ப பெட்டி காலி. பேர்ப்பலகைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று சொல்லி, என் திண்ணையிலேயே உட்கார்ந்து நாற்பது பங்குகளையும் பன்னிரண்டு ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்றார். எஞ்சிய சொத்தைப் பற்றியோ, பட்டியலிடப்பட்ட ஸ்தாபனம் என்ற அந்தஸ்துக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பற்றியோ நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை. 2021 மார்ச்சில் ஆரம் பிளாட்ஸ் என்ற நிறுவனம் மெஜெஸ்கோவின் புரமோட்டர்களிடமிருந்து பங்குகளை வாங்க ஒப்பந்தம் செய்து, மற்றவர்களுக்கும் பங்கொன்றுக்கு 77 ரூபாய் தருவதாக அறிவித்தது. பிற்பாடு மெஜெஸ்கோவே ஆரம் ப்ராப்டெக் என்று பெயர் மாறியது. நண்பரின் டைரியில் டிசம்பர் 23க்குரிய வரியில் விற்ற தொகை மசியில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில், பின்னொரு நாள் பென்சிலால் போட்ட 77.