துணி போர்த்திய விமானம்

லீவுக்கு வந்திருந்த பேரன் ஊருக்குப் போகும்போது ஓர் அட்டைப் பெட்டியை என் அலமாரியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். திறந்து பார்த்தேன். வாழைச் சீப்பில் காய்கள் ஒட்டியிருப்பதுபோல, பிளாஸ்டிக் சட்டங்களில் சிறகும் வாலும் சக்கரமும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த 'ஹரிகேன்' என்ற சண்டை விமானத்தின் மாதிரி அது.

"பேரன் விளையாட்டைத் தாத்தா எடுத்துக்கொண்டாயிற்றா?" என்றாள் என் மனைவி.

விளையாட்டுத்தான். ஆனால் இந்த விளையாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இந்த மாதிரி, அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி மனிதன் இதில் ஓர் அங்குலம். நாற்பது அடி நீளச் சிறகு ஆறே முக்கால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். 1942-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதே அளவில் 5 லட்சம் விமான மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. முப்பத்தைந்து அடி தூரத்தில் ஒரு மாதிரியைப் பிடித்துக் காட்டினால், அசல் விமானத்தைச் சுமார் அரை மைலுக்கு அப்பால் பார்ப்பதுபோல் இருக்கும். வருவது நண்பனா, பகைவனா என்று சிப்பாய்கள் அதைப் பார்த்துத்தான் பழகினார்கள். அடையாளம் தவறினால் சொந்தக்காரனையே சுட்டுவிடலாம் அல்லவா?

இரண்டு பாதி உடலையும் பசை தடவிச் சேர்த்தேன். சேர்ந்த இடத்தில் தழும்பு தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன். பின்பாதியில், வால் பக்கம், நீளவாட்டில் மெல்லிய வரம்புகள் பல ஓடின. வார்ப்பில் வந்த குறை என்று நினைத்து ஒரு பக்கம் முழுவதையும் வழவழவென்று தேய்த்துத் தீர்த்தேன். அப்புறந்தான் புத்தகத்தைப் புரட்டினேன். நான் தேய்த்து அழித்தது குறையை அல்ல. அந்த விமானத்தின் உயிர்நிலையையே அழித்திருந்தேன்!

ஸிட்னி காம் என்பவர் திட்டம் போட்ட இந்த விமானம் முதலில் பறந்தது 1935 நவம்பர் 6-ஆம் தேதி. உள்ளே எஃகுக் குழாய்கள், அவற்றின்மேல் மரச் சட்டங்கள், அதன்மேல் துணி. ஆமாம், துணிதான்! லினன் துணியை இழுத்துப் போர்த்தி, அது விறைத்து நிற்க ஒரு பூச்சுப் பூசினார்கள். அடியிலுள்ள மரச் சட்டங்கள் துணியின் மேல் வரம்பாகத் தெரியும். பட்டினி கிடந்தவன் விலா எலும்பு தெரிவதுபோல.

இதைக் கேவலமாக எண்ண வேண்டாம். துணியில் பட்ட குண்டு பல சமயம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். தரையில் இறங்கியதும் ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு மறுபடி பறக்க விடலாம். 1940-இல் பிரிட்டனின் ஆகாயத்தில் நடந்த சண்டையில், பெயர் பெற்ற ஸ்பிட்ஃபயரைவிட அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியது இந்தத் துணி விமானந்தான். புகழ் ஓரிடத்திலும் உழைப்பு வேறிடத்திலும் இருப்பது உலகத்தில் புதிதா என்ன?

செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் வேண்டுமே! மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, இழை பிரித்து, ஒவ்வொன்றாக ஒட்டினேன். இரண்டு மாலைப் பொழுதுகள் போயின. மேலே மண் நிறமும் கரும்பச்சையும், அடியில் வெளிர் நிறமும் பூசினேன்.

பிறகு வந்தது பெரிய சங்கடம். சிறகில் ஒட்ட வேண்டிய வட்ட முத்திரை பெட்டியில் இரண்டு விதமாக இருந்தது. ஒன்றின் நடுவில் சிவப்புப் பொட்டு, மற்றதில் இல்லை. ஜப்பானியரின் அடையாளம் சிவப்பு வட்டம். தூரத்தில் பொட்டைப் பார்த்துவிட்டுத் தம்மவரே தம்மவரைச் சுடக்கூடும் என்று, கீழ்த்திசைப் போரில் பிரிட்டிஷார் பிற்பாடு அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். 1942 மே மாதம் அமெரிக்கரும் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கினார்கள். ஆகவே பொட்டு வைப்பதா, வேண்டாமா என்பது எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது.

நான் தேதியை நிச்சயித்தேன்: 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. இடம்: கொழும்பு.

அதற்கு முதல் நாள், பர்ச்சல் என்ற கனடா விமானி இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. குதிரைப் பந்தய மைதானத்தையே விமானத் தளமாக மாற்றியிருந்தார்கள். அது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து 258-ஆம் படைப்பிரிவின் பதினான்கு ஹரிகேன்கள் எழும்பின. வேகமாகத் திரும்பும் ஸீரோ விமானங்களுக்கு அவை ஈடாகவில்லை. ஒன்பது விமானங்கள் போயின. ஐந்து விமானிகள் மாண்டார்கள்.

மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த மாதம் சென்னைப் பட்டணமே காலியாயிற்று. அப்போது என் தாயாருக்குப் பத்து வயது. திருவல்லிக்கேணி வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு தவலையும் படுக்கையுமாகக் கும்பகோணம் போனதை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். "ஜப்பான்காரன் வரவே இல்லை" என்று சிரித்தபடி முடிப்பார். நாங்களும் சிரிப்போம். கடலுக்கு அந்தப் பக்கம், துணி போர்த்திய விமானங்களில் ஏறிப் போனவர்களைப்பற்றி அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பெட்டியின் மூலையில் விமானி பொம்மை ஒன்று இருந்தது. உட்கார்ந்த நிலையில் முக்கால் அங்குலங்கூட இல்லை. பூதக் கண்ணாடி வைத்துக்கொண்டு முகத்துக்கு வர்ணம் தீட்டினேன். கண் வைக்கத் தூரிகை இடம் கொடுக்கவில்லை, விட்டுவிட்டேன்.

போன வாரம் பேரன் டெலிபோனில் கேட்டான்: "தாத்தா, சிவப்புப் பொட்டு வைத்தாயா, இல்லையா?"

"வைத்தேன்."

"ஏன்?"

"நீ அடுத்த லீவுக்கு வா, சொல்கிறேன். கொஞ்சம் பெரிய கதை."