கட்டிலிலிருந்து கதிரைக்கு



நோயாளி ஒருவரைப் பார்க்கச் செல்லும் நாம், விடைபெறும்போது வழக்கமாகச் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு. “ஒன்றுக்கும் எழும்ப வேண்டாம், ஆறுதலாகப் படுத்திருங்கோ” என்பதே அது. அன்பினால் எழும் இவ்வாசகம் எவ்வளவு தூரம் சரியானது? இருதய நோய் வைத்தியத்தின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

இலண்டன் மாநகர வைத்தியரான வில்லியம் ஹெபர்டன் என்பார், 1768ஆம் ஆண்டிலே, நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, நின்றதும் தணிகின்ற ஒருவகை நோவைப்பற்றி வைத்தியர் சபையில் விரித்துரைத்தார். அவர் மறைந்தபின், 1802இல் வெளிவந்த அவரது நூலில் ஒரு சிறு குறிப்புக் காணப்படுகின்றது. அந்நோயுற்ற ஒருவர், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அரிவதைத் தமக்கு ஒரு கடமையாக விதித்துக்கொண்டாராம். ஏறக்குறையக் குணமும் அடைந்தாராம். 1854இல் டப்ளின் நகரத்து வைத்தியர் வில்லியம் ஸ்டோக்ஸ் என்பாரும் இருதய நோயாளர் சிலருக்கு அளவான நடையை விதந்துரைத்தார்.

ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைமை மாறியது. மாரடைப்புக் கண்டவர் ஆறு கிழமை வரையிற் கட்டிலிற் கிடத்தப்பட்டார். உணவைக்கூடப் பிறரே ஊட்டினர். பழுதுற்ற இருதயத் தசை ஆறித் தழும்பாவதற்கு அத்தனை காலம் செல்லும். அதற்குள் அசைந்தால் இருதயச் சுவர் கிழியக்கூடும் என்று வைத்தியர்கள் அஞ்சினர். அச்சம் நியாயமானதே. ஆனால், அசையாத கால்களில் இரத்தம் உறைந்து, அவ்வுறைகட்டி சுவாசப்பையைச் சென்றடைத்ததனால் மாண்டவர் பலர்.

இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்தவர்கள் அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரில் பணியாற்றிய சாமுவேல் லெவின், பேர்னாட் லவுன் என்னும் இருவர். அவர்கள் கையாண்ட கருவியோ ஒரு சாதாரணக் கதிரை. மல்லாந்து கிடப்பவரின் கால்களிலிருந்து இரத்தம் மிகுதியாக இருதயத்துக்குத் திரும்பும். கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தால் அச்சுமை குறையும் என்பது அவர்தம் விளக்கம். 81 நோயாளரை நாள்தோறும் கதிரையில் அமர்த்திப் பெற்ற பயனை 1952இல் வெளியிட்டனர். அஞ்சிய கேடு நிகழவில்லை. 1955இல் மாரடைப்புற்ற அமெரிக்க சனாதிபதி ஐசனோவர், போல் டட்லி வைற் என்னும் வைத்தியரின் ஆலோசனையுடன் படிப்படியாக எழுந்து நடமாடி, மறு ஆண்டு நடைபெற்ற தேர்தலிலும் வெற்றியீட்டினார்.

படுக்கை உடலுக்கு இழைக்கும் தீங்கு 1966இல் அளந்தறியப்பட்டது. டலஸ் நகரிலே, இருபது வயதளவினரான ஐந்து சுகதேக இளைஞர் மூன்று கிழமை கட்டிலிற் கிடத்தப்பட்டனர். அவர்தம் உடல் உழைக்கும் வலு பெரிதும் குன்றியது. 1996இல் அதே ஐவரையும் மீளச் சோதித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. முப்பது ஆண்டு முதுமை குன்றச் செய்ததைவிட, அந்த மூன்று கிழமைப் படுக்கை குன்றச் செய்த வலுவே அதிகம்! சுகதேகிகளின் நிலை இதுவாயின், நோயால் நலிந்தவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இது இருதய நோய்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவுடையோர் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்கின்றன. மூட்டுத் தேய்ந்தோர்க்கும் அளவான அசைவு நோவைத் தணிக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலிலே, நீடித்த நோயுடையோரும் இயன்றவரை கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை இயக்குதல் நன்று என்றது. அவ்வளவு இயலாதவர்க்குச் சிறிதளவும் பயன் தரும் என்றது.

நேயர்களே, இவற்றையெல்லாம் நான் காலந் தாழ்த்தியே அறிந்தேன். என் அன்னையாருக்கு இருதய நோய் உண்டெனக் கண்ட அன்றே, பிள்ளைகளாகிய நாங்கள் அவர் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிவிட்டோம். கிணற்றடிக்குச் செல்லவோ, பூசைக்குப் பூக் கொய்யவோ விட்டோமில்லை. இரண்டு ஆண்டுகளில், பிறர் கைகொடாமல் எழ இயலாதவரானார். “என்னைக் கொஞ்சம் நடக்க விடுங்கோ” என்று அவர் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. அதை அன்று பிடிவாதம் என்று எண்ணினோம்.

உங்கள் இல்லத்திலும் நீடித்த நோயுடைய முதியவர் ஒருவர் இருக்கலாம். அவர் எவ்வளவு நடக்கலாம், எவ்வேலை செய்யலாம் என்று முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். நெஞ்சு நோவோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி, வைத்திய உதவியை நாடுங்கள். மற்றைய வேளைகளில், மாலை வெயில் தாழ்ந்ததும் ஒழுங்கை முனை வரையில் அவரோடு நீங்களும் நடந்து செல்லுங்கள். நாளை இன்னும் இரண்டு வீடு தாண்டலாம்.