வீட்டை எவ்வளவுக்குக் கேட்பது? அபூ ராஃபிஉ (ரலி) விற்ற இரு வீடுகள்

வீடு வாங்க முனைவோரை மிகுதியும் அலைக்கழிப்பது, எவ்வளவுக்குக் கேட்பது என்ற கேள்வியே. குறைத்துக் கேட்டால் வீடு கைநழுவிப் போகுமோ, கூட்டிக் கேட்டால் ஏமாந்துவிடுவோமோ என்று மனம் இருபுறமும் இழுபடுகிறது. தரகர் ஒரு தொகை சொல்வார். உறவினர் வேறொன்று சொல்வார். இக்கேள்வி ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் மதீனாவிலும் எழுந்தது. அங்கு நடந்த ஒரு வீட்டுப் பேரம், பேசப்பட்ட தொகைகளோடு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

அதனை அறிவிப்பவர் அம்ர் இப்னுஷ் ஷரீத் (ரஹ்). அவர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் நின்றுகொண்டிருந்தபோது மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) வந்து அவருடைய தோளில் கை வைத்தார்கள். அவ்வேளையில் நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அங்கு வந்தார்கள். ஸஅத் (ரலி) அவர்களின் வளவுக்குள் தமக்கிருந்த இரு வீடுகளை வாங்கிக்கொள்ளுமாறு கேட்டார்கள். ஸஅத் (ரலி) முதலில் மறுத்தார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று மிஸ்வர் (ரலி) வற்புறுத்தினார்கள். அப்படியானால் நாலாயிரம் திர்ஹம், அதுவும் தவணையில்தான், அதற்கு மேல் இல்லை என்று ஸஅத் (ரலி) தம் எல்லையைச் சொல்லிவிட்டார்கள்.

அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கோ அதே வீடுகளுக்கு வேறிடத்திலிருந்து 500 தீனார் வந்திருந்தது. மற்றோர் அறிவிப்பின்படி அது ரொக்கம். இருப்பினும் அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்கே கொடுத்தார்கள். அண்டைவீட்டார் தம் அண்மையினால் அதிக உரிமை பெற்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைச் செவியுற்றிராவிட்டால் இந்த விலைக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

ஜகாத்தின் நிஸாபில் 20 தீனாரும் 200 திர்ஹமும் இணையாக வைக்கப்படுகின்றன. அக்கணக்கில் 4,000 திர்ஹம் என்பது 400 தீனார். புகாரியின் இன்னோர் அறிவிப்பும் 400 மிஸ்கால் என்றே கூறுகிறது. ஆகவே அபூ ராஃபிஉ (ரலி) விட்டுக்கொடுத்தது 100 தீனார். அதாவது ஐந்து நிஸாப் அளவு, கிடைக்கவிருந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ரொக்கத்தைத் துறந்து தவணையை ஏற்றது இதற்கும் மேல்.

இந்த ஹதீஸை ஒட்டி எழுந்ததே ஷுஃப்ஆ எனும் முன்னுரிமைச் சட்டத்தின் விரிவான ஆய்வு. ஹனஃபி மத்ஹப் ஒட்டிய அண்டைவீட்டாருக்கும் அவ்வுரிமையைச் சட்டமாகவே வழங்குகிறது. ஷாஃபிஈ உள்ளிட்ட ஏனைய மூன்று மத்ஹபுகளும் சொத்தில் கூட்டாளியாக இருப்பவரோடு அதனை நிறுத்திக்கொள்கின்றன. சட்டம் எங்கு நின்றாலும், விலையைப் பேசுமுன் எதிரே நிற்பவர் யார் என்று பார்த்த அந்தப் பார்வை அனைவருக்கும் பொதுவானது.

அப்பார்வையின் மறுபக்கத்தை 622-ஆம் ஆண்டில், ஹிஜ்ரத்தின் தொடக்கத்திலேயே காண்கிறோம். மஸ்ஜிதுந் நபவி எழுந்த இடம் பேரீச்சம்பழம் உலர்த்தும் களமாக இருந்தது. அதன் உரிமையாளர்கள் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்கள். நபி (ஸல்) அவர்கள் விலை கேட்டபோது, அன்பளிப்பாகவே தருகிறோம் என்றனர் அச்சிறுவர்கள். நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். பத்து தீனாருக்கு வாங்கி, அத்தொகையைக் கொடுக்குமாறு அபூபக்ர் (ரலி) அவர்களைப் பணித்தார்கள் என இப்னு ஸஅத் (ரஹ்) தம் நூலில் பதிவு செய்கிறார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அபூ ராஃபிஉ (ரலி) விவரம் அறிந்த பெரியவர். தம் விருப்பத்தோடு நூறு தீனாரை விட்டுக்கொடுத்தார். ஸஅத் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். சிறுவர்கள் முழுவதையும் விட்டுக்கொடுக்க முன்வந்தும் நபி (ஸல்) ஏற்கவில்லை. விட்டுக்கொடுக்கும் தகுதியும் விருப்பமும் உள்ளவரிடம் குறைந்த விலைக்கு வாங்குவது ஹலால்; அத்தகுதி இல்லாதவரிடம் குறைத்து வாங்குவது அவருடைய உரிமையைப் பறிப்பதாகும்.

பிற்காலச் சட்டமும் இவ்வழியே சென்றது. உஸ்மானியப் பேரரசில் 1876-இல் முழுமை பெற்ற மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு, எந்த அளவு விலை வேறுபாட்டைப் பெரும் நட்டம் எனக் கொள்வது என்பதை வரையறுத்தது. சாதாரணப் பொருள்களில் இருபதில் ஒரு பங்கு, கால்நடைகளில் பத்தில் ஒரு பங்கு, வீடு நிலங்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஏமாற்று இல்லாதவரை இந்நட்டத்தைக் காட்டி விற்பனையை முறிக்க இயலாது. அநாதைகளின் சொத்து மட்டும் விதிவிலக்கு. ஏமாற்றே இல்லாவிடினும் அவ்விற்பனை செல்லாது. வக்ஃபும் பைத்துல்மாலும் அதே நிலையில் வைக்கப்பட்டன.

விற்பவர் தம் பொருளின் மதிப்பை அறியாதிருந்தால் என்ன செய்வது? ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாள் ஒரு குதிரையை 300 திர்ஹமுக்குப் பேசி முடித்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இதன் மதிப்பு அதிகம் என்று உரிமையாளரிடம் தாமே சொல்லி, விலையைப் படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருப்பதே அவர்கள் சொன்ன காரணம். இது எல்லோர் மீதும் கடமையான சட்டமன்று, தக்வாவின் உயரம். பேரம் பேசுவதும் குற்றமன்று. நபி (ஸல்) அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்திற்குப் பேரம் பேசியுள்ளார்கள்.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. மக்களின் பொருள்களை மதிப்புக் குறைக்காதீர்கள் என்று ஷுஐப் (அலை) தம் சமூகத்தை எச்சரித்ததைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. பொருளுக்கு இல்லாத குறை கற்பிப்பதும், அதனை மட்டமாக்கிப் பேசுவதும் இதில் அடங்கும் என இமாம் குர்துபி (ரஹ்) விளக்குகிறார். ஸஅத் (ரலி) அவர்களின் பேரத்தை மீண்டும் நோக்குங்கள். வீட்டைக் குறை கூறும் ஒரு சொல்லும் அந்த அறிவிப்பில் இல்லை. தம்மால் இயன்றதை மட்டுமே சொன்னார்கள்.

எனவே, வீடு வாங்கச் செல்லும் சகோதரர்களே! அப்பகுதியின் விலையை, இந்தப் பேரத்தில் ஆதாயம் இல்லாதவரிடம் விசாரித்தறியுங்கள். உங்கள் எல்லையை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, அதனை நேர்மையாகச் சொல்லுங்கள். பிறர் பேசி முடித்த பேரத்தின் மேல் விலை வைக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்துள்ளார்கள். அது வாரிசுச் சொத்தாயின், வயது நிரம்பாத பிள்ளைகளின் பங்கு அதில் உண்டா என்று கேளுங்கள். மருத்துவச் செலவுக்கோ கடனுக்கோ அவசரமாக விற்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த அவசரத்தை உங்கள் இலாபமாக்காதீர்கள்.

கிரயப் பத்திரம் பதிவானதும் வீடு நம் பெயருக்கு வந்துவிடும். விற்றவர் மனநிறைவோடு சாவியைத் தந்தாரா என்பது அல்லாஹ்விடம் பதிவாகியிருக்கும். நம் இல்லங்களிலும் நம் பேரங்களிலும் அவன் பரக்கத் செய்வானாக. ஆமீன்.