கண்ணாடித் துகளில் கோத்த எழுத்துகள்

பேங்க்காரனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் பி.காம். படித்தவன்தான். ஆனால் இந்தக் கதையின் நடுவே ஒரு கூட்டுவட்டிக் கணக்கு இருக்கிறது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2020-ல் கொரோனாவுக்காக மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனைக்கு பிரைமர் என்ற குட்டி டி.என்.ஏ. துண்டுகள் வேண்டும். நீளம் சுமார் 20 எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகள்தான், வரிசைதான் முக்கியம். இவற்றை எந்த உயிரிலிருந்தும் எடுப்பதில்லை. பெரும்பாலும் கண்ணாடித் துகள் மேல் ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துச் செய்கிறார்கள்.

இந்தக் கோக்கும் வேலையின் முன்னோடிகளில் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்!). 1922-ல் பிரிக்கப்படாத பஞ்சாபில் ஒரு கிராமத்துப் பட்வாரியின், அதாவது நம்மூர் கர்ணம் மாதிரி ஒருவரின், மகனாகப் பிறந்தவர். டாக்டர் பட்டத்தோடு 1949-ல் ஊர் திரும்பினார். வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். 1968-ல் நோபல் பரிசு. 1970-ல், 77 எழுத்து ஜோடிகள் கொண்ட முழு ஜீன் ஒன்றை முதன்முதலாகச் செயற்கையாகச் செய்ததாக அவர் குழு அறிவித்தது.

அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. காரணம், எல்லாமே திரவத்தில் நடந்தது. ஒவ்வொரு முறை சேர்த்த பிறகும் வேண்டியதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நஷ்டம்.

இதற்கு வழி, சரக்கை ஒரு திடப்பொருளில் கட்டிப்போடுவது. 1963-ல் நியூயார்க்கில் மெரிஃபீல்ட் புரதத் துண்டுகளை பிளாஸ்டிக் மணிகளில் ஒட்டிவைத்து வளர்த்தார். சேர், கழுவு, மறுபடி சேர், அவ்வளவுதான். 1965-ல் லெட்சிங்கரும் வி. மகாதேவனும் இதே உத்தியை டி.என்.ஏ.வுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த மாதிரி பிளாஸ்டிக் கரைப்பானில் ஊறி உப்பும். உள்ளே போன ரசாயனத்தைக் கழுவி வெளியேற்றுவது பெரும்பாடு.

லெட்சிங்கரின் மாணவராக இருந்து, பிறகு கொரானாவிடம் வேலை பார்த்த மார்வின் கருதர்ஸ் இரண்டு பள்ளிகளின் பாடத்தையும் சேர்த்தார். 1980-81 வாக்கில் பிளாஸ்டிக்குக்குப் பதில் உப்பாத சிலிகா, கூடவே வேகமாக இணையும் புதிய ரசாயனம். சில ஆண்டுகளில் நுண்துளைக் கண்ணாடியும் வந்து சேர்ந்தது. அது 1965-லேயே அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தில் வோல்ஃப்காங் ஹாலர் வேறு வேலைக்காகச் செய்தது. போரான் கலந்த கண்ணாடியைச் சூடாக்கினால் உள்ளே இரண்டு பகுதிகளாகப் பிரியும். போரான் மிகுந்த பகுதியை அமிலத்தால் கரைத்துவிட்டால், கடற்பஞ்சு மாதிரி துளைகளோடு மிச்சம் நிற்கும். அதன்மேல் சிலேன் பூசி, ஒரு கொக்கி வைத்து, முதல் எழுத்தை மாட்டிவிடுவார்கள். கடைசியில் அம்மோனியா ஊற்றினால் சரம் கழன்று வரும்.

இப்போது நம்ம கணக்கு. ஒரு தடவை சேர்ப்பதில் 90 சதவீதம் வெற்றி என்றால் நல்ல மார்க்தானே? 20 தடவையில் மிஞ்சுவது 12 சதவீதம். 99 சதவீதம் என்றால் 82 மிஞ்சும். 100 தடவை போனால் அந்த 99-ம் 37 ஆகிவிடும். தலைகீழ்க் கூட்டுவட்டி! அதனால்தான் சேராமல் நின்ற சரங்களை அவ்வப்போது மூடிவிடுகிறார்கள், செயலிழந்த கணக்கை முடக்குவது போல. இல்லாவிட்டால் ஓர் எழுத்து விட்டுப்போன சரம் தொடர்ந்து வளர்ந்து நல்லதோடு கலந்துவிடும்.

கொரானா 2011-ல் காலமானார். அவர் குழு வருஷக்கணக்கில் பட்ட பாட்டில், ஒரு பிரைமர் அளவுக்கான வேலையை இன்று இயந்திரம் சில மணி நேரத்தில் முடிக்கிறது. புத்திசாலித்தனமான ரசாயனம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. ஊறாத, உப்பாத, சுத்தமாகக் கழுவ முடிகிற ஒரு கண்ணாடித் துகளும் வேண்டியிருந்தது. நோபல் பட்டியலில் ஹாலர் பெயர் இல்லை. ஆனால் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட நாம் எல்லோரும் அவருக்கும் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான்.