வலிக்கு யார் சாட்சி?

வலியின் வரலாற்றைச் செங்கல்பட்டிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. பக்கத்துத் திருமணித் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்க 1947இல் பால் பிராண்ட் வந்தார். மடங்கிப்போன விரல்களுள்ள ஒருவரின் கைப்பிடியில் இருந்த வலு அவரைத் திகைக்க வைத்தது. சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் காயப்பட்டே விரல்கள் தேய்கின்றன என்ற முடிவுக்குப் பின்னர் அவர் வந்தார். அங்கே வலியின்மையே நோயின் சாட்சி.

இதற்கு நேர் எதிர்நிலையில் இருப்பது தாடை வலி. காதுக்கு முன்னாலுள்ள மூட்டிலும் மெல்லும் தசைகளிலும் வருவது. 'வாயைத் தெறந்தா டக்குன்னு சத்தம் வருது, மெல்ல முடியல' என்று சொன்னால், 'எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையேம்மா' என்று பதில் வரும். சிகிச்சை தேடி வருபவர்களில் பெண்களே அதிகம் என்பதையும் சேர்த்தே இந்தப் பதிலை வாசிக்க வேண்டும் என்கிறேன். படத்தில் தடயமில்லாத வலி, அதிகாரத்தின் கண்ணுக்கு வலியே இல்லை.

தடயம் வேண்டுமென்ற இந்த வேட்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1934இல் அமெரிக்கரான ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பல் போய்க் கடிப்பு கெட்டதுதான் காரணமென்றார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பின்னால் அடிபட்டுப்போனது. ஆனாலும் பல்லை ராவிக் கடிப்பைச் 'சரி' செய்வது பல காலம் நின்றபாடில்லை. 1969இல் டேனியல் லாஸ்கின் தசையையும் மன அழுத்தத்தையும் முன்வைத்தார். 1980களில் அமெரிக்காவில் மூட்டுக்குள் வைத்த டெஃப்லான் தகடுகள் நொறுங்கி எலும்பையே அரித்தன. 1990-91இல் அவை திரும்பப் பெறப்பட்டன. வாழ்க்கை முழுக்க வலி சுமந்தவர்கள் உண்டு.

2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட நெறிமுறை நாள்பட்ட தாடை வலிக்குச் சொல்வது எளியது: நோயை விளக்கித் தைரியம் சொல்வது, பயிற்றுநர் துணையோடு தாடைப் பயிற்சி, தசையைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, எண்ணப் பழக்கங்களை மாற்றும் உளவியல் சிகிச்சை. மூட்டு வட்டை வெட்டி எடுப்பதை அது உறுதியாக எதிர்க்கிறது. உளவியல் என்றதும் 'எல்லாம் மனசுதான்' என்று தள்ளிவிடுவதல்ல இது. வலி உண்மை என்று ஏற்றபின் செய்வது.

பாக்குப் போடுகிறவருக்கு வாய் திறப்பு வரவரக் குறைந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே பரிசோதிக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தாடை வலியோடு நெற்றிப்பொட்டு வலியும் பார்வைக் கோளாறும் வந்தால் அது அவசரம்.

'பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு' என்று நம் பெண்களுக்குச் சொல்லி வளர்க்கிறோம். பல்லை இறுக்குவது இந்த வலியைக் கூட்டக்கூடிய பழக்கம். உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்பல்லும் தொடாமலிருப்பதுதான் தாடைக்கு ஓய்வு. பொறுமையை அறமாக்கிய சொல்லாடல் உடலில் எங்கே போய் உட்காருகிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். பல்லை ராவும் முன், மூட்டைத் திறக்கும் முன், வலிக்கிறது என்று சொல்பவரின் வாக்குமூலத்தை முழுதாகக் கேளுங்கள் என்பதே என் கோரிக்கை.